272 மனிதரின் விலையும் ஒரு சர்வகலாசாலையின் சமத்துவமும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



அமெரிக்காவிலுள்ள ஒரு சர்வகலாசாலையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். "ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவனுக்கும், நாற்று நட்டு இடுப்பு ஒடிந்து வந்தவளுக்கும் அமெரிக்கச் சர்வகலாசாலை எதற்கு?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சர்வகலாசாலையின் கட்டடக் கடனை அடைத்தது யார் தெரியுமா? வயலில் வேலை செய்த ஜனங்கள். கூலி கொடுத்து அல்ல, அவர்களையே விற்று அடைத்தார்கள். ஆகவே இது நம்முடைய விஷயமும்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வாஷிங்டன் நகரில் ஜார்ஜ்டவுன் என்றொரு சர்வகலாசாலை. 1789-ம் ஆண்டில் ஜான் கரோல் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் தொடங்கியது. நடத்துபவர்கள் இயேசு சபைப் பாதிரிமார். இந்தச் சபை நமக்கு அந்நியமல்ல. 1844-ல் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து 1883-ல் திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப் கல்லூரியும், 1925-ல் தோன்றிய சென்னை லயோலாக் கல்லூரியும் அதே சபை நடத்துபவைதான்.

சமீப காலமாக அமெரிக்காவில் மூன்று வார்த்தைகளைச் சுற்றிப் பெரும் சண்டை நடக்கிறது. பலதரப்பட்ட ஜனங்களுக்கும் இடம் கொடுப்பது, அவரவருக்கு நியாயமான பங்கு கிடைக்கச் செய்வது, யாரையும் வெளியே நிறுத்தாமல் சேர்த்துக்கொள்வது. இந்த மூன்றும் கல்லூரிகளில் வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. இதெல்லாம் தகுதியைக் கெடுக்கும் சூழ்ச்சி, ஒழித்துக் கட்டு என்கிறது இன்னொரு தரப்பு. "தகுதி" என்ற வார்த்தையை நாமும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்! கடவுளின் பேரால் நடக்கும் சர்வகலாசாலையில் இந்தச் சண்டை எப்படி நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

தலைக்கு 423 டாலர்

மேரிலாந்து மாகாணத்தில் இயேசு சபைக்குப் பெரிய பெரிய தோட்டங்கள் இருந்தன. புகையிலையும் கோதுமையும் சோளமும் விளைந்தன. வேலை செய்தவர்கள் கறுப்பின அடிமைகள். பாதிரிமாரே அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பாதிரிமாரே அவர்களுக்கு எஜமானர்களாகவும் இருந்தார்கள். காலையில் ஒரே கோவிலில் ஜெபம். கோவிலை விட்டு வெளியே வந்தால் ஒருவர் உடைமைக்காரர், மற்றவர் உடைமை! தோட்ட வருமானம் கல்லூரிக்கும் சபைக்கும் போயிற்று.

தாமஸ் மலெடி என்பவர் ஜார்ஜ்டவுன் தலைவராக இருந்தபோது கட்டடங்கள் எழுப்பினார். சுமார் 30,000 டாலர் கடன் ஏறிவிட்டது. பிறகு அவர் மேரிலாந்து முழுவதற்கும் சபைத் தலைவரானார். 1838-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 272 பேரை லூயிசியானா மாகாணத்துத் தோட்டக்காரர்களான ஹென்றி ஜான்சன், ஜெஸ்ஸி பேட்டி இருவருக்கும் விற்றார்கள். இந்த ஜான்சன் அந்த மாகாணத்தின் முன்னாள் கவர்னர். விலை 1,15,000 டாலர். முன்பணம் 25,000, மிச்சம் தவணையில். மாடு வாங்கினாலும் நம்மூரில் இப்படித்தானே பேசுவார்கள்? வகுத்துப் பார்த்தேன், தலைக்குச் சுமார் 423 டாலர் வருகிறது. கைக்குழந்தைக்கும் அதே சராசரிதான்.

ரோமாபுரியிலிருந்த சபையின் பெரிய தலைவர் சும்மா அனுமதி கொடுக்கவில்லை. நிபந்தனை போட்டார். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது. அவர்கள் தங்கள் மதத்தை அனுசரிக்க வழி செய்ய வேண்டும். விற்ற பணத்தைக் கடனடைக்க உபயோகிக்கக் கூடாது. கவனியுங்கள், தோழர்களே! மனிதரை விற்காதே என்பது நிபந்தனையில் இல்லை. விற்பதற்கு ஒழுங்குமுறை மட்டும் இருந்தது. அந்த ஒழுங்குமுறையாவது நடந்ததா? குடும்பங்கள் சிதறின. விற்பனைத் தொகையிலிருந்து 17,000 டாலர் ஜார்ஜ்டவுன் கடனுக்குப் போயிற்று.

அந்த வருஷம் நவம்பரில் "கேதரின் ஜாக்சன்" என்ற கப்பல் சுமார் 130 பேரை ஏற்றிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டத்துக்கும் பருத்திக் காட்டுக்கும் போகிற ஆட்கள். விற்பனை ஒப்பந்தப் பட்டியலில் முதல் பெயர் ஐசக். வயது 65. கோர்னீலியஸ் ஹாக்கின்ஸ் என்ற 13 வயதுப் பையனும் ஏற்றி அனுப்பப்பட்டான். பிடித்துப் போகும்போது சிலர் ஜெபமாலை கேட்டு மன்றாடினார்களாம். நமது தஞ்சைப் பக்கத்தில் பண்ணையாளாக இருந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். நிலத்தோடு ஆளும் சேர்ந்து கைமாறிய காலத்தைப் பற்றிப் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மலெடிக்கு என்ன ஆயிற்று? புகார் எழுந்ததும் ரோமாபுரிக்குக் கூப்பிட்டார்கள். சில வருஷம் ஐரோப்பாவில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் வேறொரு கத்தோலிக்கக் கல்லூரிக்கு முதல் தலைவரானார். 1845-ல் மறுபடியும் ஜார்ஜ்டவுனுக்கே தலைவரானார்! அவர் பெயரில் கட்டடமும் நின்றது.

கறுப்புத் தாயின் மகன் தலைவர். கறுப்பு மாணவனுக்கு இடமில்லை

இன்னொரு விசித்திரம் கேளுங்கள். 1874 முதல் 1882 வரை ஜார்ஜ்டவுன் தலைவராக இருந்தவர் பாட்ரிக் ஹீலி. ஜார்ஜியா மாகாணத்தில் ஐரிஷ்காரத் தோட்ட முதலாளிக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். அந்த மாகாணச் சட்டப்படி அவரே பிறவி அடிமை. ஆனால் நிறம் வெளுப்பு. பார்த்தவர்கள் வெள்ளையர் என்றே எண்ணினார்கள். அவரும் அப்படியே வாழ்ந்தார். சர்வகலாசாலையின் முக்கியமான கட்டடத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் இளங்கலை வகுப்பில் ஒரு கறுப்பின மாணவர் வந்து உட்கார்ந்தது எப்போது? 1950-களின் தொடக்கத்தில்! ஹீலி பதவியை விட்டு எழுபது வருஷம் ஓடிய பிறகு. பெண்களை முக்கியமான இளங்கலைக் கல்லூரியில் சேர்த்தது அதற்கும் பின்னால், 1969-ல்.

இதைச் சொல்வதற்குக் காரணமுண்டு. மேலே ஒருவர் உட்கார்ந்துவிட்டதால் கீழே உள்ளவர்களுக்குக் கதவு திறந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஹீலியின் விஷயத்தில் அது நடக்கவில்லை. தாம் யார் என்பதை மறைத்துக் கொண்டால்தான் அவருக்கே இடமிருந்தது.

விற்கப்பட்டவர்களைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்களுக்குத் தெரியும், ஆவணங்களும் இருந்தன. ஆனால் சர்வகலாசாலை வாய் திறக்கவில்லை. 2015-ம் ஆண்டில் மலெடி பெயரிலிருந்த விடுதியைப் புதுப்பித்து மறுபடியும் திறக்க ஏற்பாடு நடந்தது. அப்போதுதான் மாணவர்கள் கிளம்பினார்கள். நவம்பர் மாதம் தலைவரின் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். "மனிதரை விற்றவர் பெயரில் எங்களுக்கு விடுதி வேண்டாம்" என்பது கோரிக்கை. சில தினங்களில் மலெடி பெயரும், விற்பனையில் அவருக்குத் துணை நின்ற மக்ஷெரி பெயரும் அகற்றப்பட்டன. 177 வருஷம் அசையாதது, மாணவர்கள் தரையில் உட்கார்ந்ததும் அசைந்தது!

அதே சமயத்தில் ஒரு பழைய மாணவர், விற்கப்பட்டவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று விசாரித்தார். அவர்களெல்லாம் லூயிசியானாச் சதுப்பு நிலத்தில் காய்ச்சல் கண்டு மாண்டுபோனார்கள் என்று பதில் வந்தது. 272 பேரும் ஒருவர் விடாமல் மாண்டிருக்க முடியுமா? அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வம்ச வரலாறு தேடுபவர்களை வைத்துத் தேடச் செய்தார். ஆயிரக்கணக்கான சந்ததியார் கண்டுபிடிக்கப்பட்டார்கள். மாரிங்குயின் என்ற சிற்றூரில் மட்டும் எத்தனையோ குடும்பங்கள்! அவர்களைக் கண்டுபிடிக்க உதவியது எது தெரியுமா? கோவில் ஏடுகள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் எழுதி வைத்திருந்த கத்தோலிக்கப் பதிவேடுகள். தங்களை விற்ற சபையின் மதத்தைத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். மாண்டுபோனார்கள் என்று சொன்ன ஸ்தாபனத்தின் மதம்தான் அவர்கள் உயிரோடிருப்பதற்குச் சாட்சி சொன்னது.

மன்னிப்பும் வரிசையும்

2016 செப்டம்பரில் சர்வகலாசாலை அமைத்த குழுவின் அறிக்கை வெளிவந்தது. அப்போதைய தலைவர் ஜான் டிஜோயா சில முடிவுகளை அறிவித்தார். முறையாக மன்னிப்புக் கேட்பது. ஒரு விடுதிக்கு ஐசக் ஹாக்கின்ஸ் பெயர். இன்னொன்றுக்கு, கறுப்பினப் பெண் குழந்தைகளுக்கு அந்த ஊரில் பள்ளி நடத்திய ஆன் மேரி பெக்ராஃப்ட் அம்மையாரின் பெயர். விற்கப்பட்டவர்களின் சந்ததியார் படிக்க விண்ணப்பித்தால், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குக் காட்டும் அதே சலுகை.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அமெரிக்காவின் பெரிய கல்லூரிகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. தகப்பன் அங்கே படித்திருந்தால் பிள்ளையின் விண்ணப்பத்துக்குத் தனி மதிப்பு. தகப்பன் யார்? பெரும்பாலும் வசதி படைத்தவன். இதைத் தகுதிக்குக் கேடு என்று யாரும் கொடி பிடிப்பதில்லை! கறுப்பின மாணவனுக்கு ஒரு கை கொடுத்தால்தான் தகுதி ஞாபகம் வருகிறது. ஆகவே, "உன் பாட்டனும் இந்தக் கல்லூரியைக் கட்டியவன்தான், நீயும் அந்த வரிசையில் வா" என்று சொன்னது ஒரு வகையில் நியாயமே. ஆனால் வரிசையில் நிற்கவிட்டால் போதுமா? படிப்புச் செலவுக்குத் தனி உதவித்தொகை எதுவும் அந்த அறிவிப்பில் இல்லை. கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வரும் கட்டணத்தை நீயே கொண்டு வா என்றால், மாரிங்குயின் கூலிக்காரரின் மகள் எங்கே போவாள்?

அறிவிப்புக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. சந்ததியாரில் சிலர் தாமாக வந்து எழுந்து பேசினார்கள். எங்களைப் பற்றி முடிவு செய்கிறீர்கள், எங்களை உட்கார வைத்துப் பேசினீர்களா என்பதே அவர்கள் கேள்வி. குழுவில் அவர்களுக்கு இடம் இல்லாமல் போனது பெரிய குறை. தொழிலாளியைக் கேட்காமல் தொழிலாளர் நலத் திட்டம் போடும் நிர்வாகங்களை நாம் அறியாதவர்களா என்ன!

2017 ஏப்ரல் 18-ந் தேதி வழிபாடு நடந்தது. சந்ததியார் முன்னிலையில் இயேசு சபையின் தலைவர்களில் ஒருவரான கெசிக்கி பாதிரியார், நாங்கள் பெரும் பாவம் செய்தோம் என்று மன்னிப்புக் கேட்டார். அது சாதாரணக் காரியமல்ல. எத்தனையோ ஸ்தாபனங்கள் அதைக்கூடச் செய்யவில்லை. அந்த ஆண்டிலேயே சந்ததியாரில் ஒரு பெண்மணி, வயது 63, சமையல் வேலை செய்து பிழைத்தவர், முதலாண்டு மாணவியாக வந்து சேர்ந்தார். பேரன் வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்தார். பிறகு நடந்த போராட்டத்திலும் முன்னே நின்றார்.

அந்தப் போராட்டம்தான் 2019 ஏப்ரலில் நடந்த மாணவர் வாக்கெடுப்பு. ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு பருவத்துக்கும் 27 டாலர் 20 சென்ட் கட்டணம் செலுத்தி, சந்ததியாருக்கு ஒரு நிதி உண்டாக்க வேண்டும் என்பது தீர்மானம். 272 என்ற எண்ணை நினைவூட்டத்தான் 27.20. ஆதரவு 2,541, எதிர்ப்பு 1,304. தாங்களே பணம் கட்டுகிறோம் என்று பிள்ளைகள் ஓட்டுப் போட்டுச் சொன்னார்கள்! நிர்வாகம் என்ன செய்தது? கட்டணம் வேண்டாம், நன்கொடை திரட்டி வருஷம் 4 லட்சம் டாலர் தருகிறோம் என்று அக்டோபரில் அறிவித்தது. தொகை ஏறக்குறைய ஒன்றுதான். பின் என்ன வித்தியாசம்? மாணவர்கள் கேட்டது கடன் தீர்ப்பது. நிர்வாகம் கொடுத்தது தருமம். கடனைக் கேட்டுப் பெறுகிறவன் நிமிர்ந்து நிற்கலாம். தருமத்துக்குக் கை நீட்டுகிறவன் அப்படி நிற்க முடியாது.

2021 மார்ச்சில் இயேசு சபை, சந்ததியாரோடு சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது. இறுதி இலக்கு 100 கோடி. 2022-ல் சந்ததியார் தரப்புத் தலைவரே ரோமாபுரிக்குக் கடிதம் எழுதி, வேகம் போதாது என்று முறையிட வேண்டி வந்தது. 2023 செப்டம்பரில் சர்வகலாசாலை ஒரு கோடியும், சபை 1 கோடி 70 லட்சமும் கொடுத்தபின் மொத்தம் 4 கோடி 20 லட்சம் டாலர் சேர்ந்தது. அறிவித்த திட்டப்படி செலவில் சுமார் பாதி இன நல்லிணக்க வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்கு. கால் பாகம் சந்ததியாரின் படிப்புக்கு. ஒரு சிறு பங்கு அவர்களில் முதியவர்க்கும் நோயாளிகளுக்கும். நல்லிணக்கம் நல்லதுதான். ஆனால் பாட்டனை விற்ற பணத்தில் பேரனுக்கு நேராகச் சேர்வது சிறு பங்காக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சந்ததியாரிலும் பலர் அப்படியே கேட்கிறார்கள்.

விடுதியைப் பெருக்குகிறவருக்கு என்ன கூலி?

இதுவரை படிக்க வருகிறவர்களைப் பற்றிப் பேசினோம். விடுதியைப் பெருக்குகிறவர், கழிப்பறை கழுவுகிறவர், உணவுக் கூடத்தில் தட்டு வைக்கிறவர்? அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களும். "எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறோம்" என்று விளம்பரப் புத்தகத்தில் அச்சடித்துவிட்டு, பெருக்குகிறவரைக் காண்ட்ராக்ட்காரரிடம் தள்ளிவிட்டால் அது என்ன சமத்துவம்?

இதை முதலில் கேட்டவர்களும் மாணவர்கள்தான். 2005 மார்ச்சில் இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். தங்களுக்காக அல்ல, காண்ட்ராக்டில் வேலை செய்யும் துப்புரவுத் தொழிலாளருக்கு வாழ்க்கைக் கூலி வேண்டும் என்று. ஒரு வாரத்துக்கு மேல் பட்டினி. ஈஸ்டருக்கு முந்திய புனித வாரம் வேறு! 1891-லேயே போப் பதின்மூன்றாம் லியோ, நியாயமான கூலியும் சங்கம் சேரும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு என்று நிருபம் எழுதியிருக்கிறார். நீங்கள் கற்பிக்கும் வேதத்தை நீங்களே அனுசரியுங்கள் என்று மாணவர்கள் கேட்டால் பாதிரிமார் எந்தப் பக்கம் திரும்புவது? நிர்வாகம் இறங்கி வந்தது. படிகளும் சேர்த்து 2007-க்குள் மணிக்கு 14 டாலர் என்று ஏற்றது. காண்ட்ராக்ட் தொழிலாளருக்கும் அது பொருந்தும்; சங்கம் சேர்வதில் நிர்வாகம் குறுக்கே நிற்காது. இப்படி ஒரு வேலைக் கொள்கையை எழுத்தில் கொடுத்தது.

அந்தக் காகிதம் அலமாரியில் தூங்கவில்லை. 2011-ல் உணவுக்கூடத் தொழிலாளர்கள் யூனியன் அமைத்தார்கள். 2013-ல் தற்காலிக ஆசிரியர்கள் அமைத்தார்கள். பிறகு ஆராய்ச்சி மாணவர்களும் யூனியன் கண்டு, 2020-ல் முதல் ஒப்பந்தம் போட்டார்கள்.

எல்லாக் கத்தோலிக்கச் சர்வகலாசாலையும் இப்படியா என்றால், இல்லை. பிட்ஸ்பர்க் நகரிலே, அந்த எஃகு ஆலை ஊரிலே, டுகேன் என்று ஒன்று இருக்கிறது. 2012-ல் தற்காலிக ஆசிரியர்கள் சங்கத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். முதலில் தேர்தலுக்குச் சம்மதித்த நிர்வாகம், பிறகு, "நாங்கள் மத ஸ்தாபனம், சர்க்காரின் தொழிலாளர் போர்டுக்கு எங்கள் மீது அதிகாரமில்லை" என்று கோர்ட்டுக்குப் போயிற்று. 2020-ல் அப்பீல் கோர்ட்டு நிர்வாகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரே மதம், ஒரே போப், ஒரே நிருபம். வாஷிங்டனில் அது யூனியனுக்கு வழிவிட்டது, பிட்ஸ்பர்க்கில் வழியை மறித்தது. அப்படியானால் வித்தியாசம் வேதத்திலா இருக்கிறது? வாஷிங்டனில் 2005-ல் பட்டினி கிடந்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

மத சுதந்திரம் எந்தப் பக்கம் சாயும்?

ஜார்ஜ்டவுனே இந்த ஆயுதத்தை இரண்டு பக்கமும் வீசியிருக்கிறது. தன்பாலினரை விரும்பும் மாணவர்கள் தங்களுக்கு ஒரு சங்கம் வேண்டும், மற்ற மாணவர் சங்கங்களுக்குள்ள வசதி வேண்டும் என்று கேட்டார்கள். சர்வகலாசாலை மறுத்தது. எங்கள் மத போதனைக்கு விரோதம் என்றது. 1980-ல் மாணவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1987-ல் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மனதார அங்கீகரி என்று மத ஸ்தாபனத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் அறை, தபால், மற்ற வசதிகளில் பாரபட்சம் காட்டக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். புத்திசாலித்தனமான தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது. மனது உன்னுடையது, வைத்துக்கொள். அறையின் சாவியைக் கொடு!

இருபது வருஷம் கழிந்து, 2007-ல் ஒரு மாணவர் தாக்கப்பட்டதை ஒட்டிக் கிளர்ச்சி எழுந்தது. 2008-ல் அதே சர்வகலாசாலை தன் சொந்தச் செலவில் அந்த மாணவர்களுக்காக ஒரு மையமே திறந்தது. பிற மதத்தாரையும் சேர்த்துக்கொண்டது. 1999-ல் முழுநேர முஸ்லிம் இமாமை நியமித்தது. அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் அதுவே முதல் முறை. 2016-ல் இந்து மாணவர்களுக்கும் ஒரு குருவை நியமித்தது. பாதிரிமார் நடத்தும் வளாகத்தில் பாங்கும் தீபாராதனையும்! இது நல்ல காரியம் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

2022-ல் சுப்ரீம் கோர்ட்டில் மாணவர் சேர்க்கை வழக்கு வந்தது. விண்ணப்பதாரரின் இனத்தைக் கணக்கில் எடுத்துக் கைகொடுக்கலாமா என்பது வழக்கு. ஜார்ஜ்டவுன் ஐம்பதுக்கு மேற்பட்ட கத்தோலிக்கக் கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு போய், பலதரப்பட்ட மாணவரைச் சேர்ப்பது எங்கள் மதக் கடமை, அதில் கை வைக்காதே என்று வாதாடியது. முன்பு ஒதுக்குவதற்குப் பிடித்த அதே மத சுதந்திரத்தை இப்போது சேர்ப்பதற்குப் பிடித்தது! கோர்ட்டு ஏற்கவில்லை. 2023 ஜூன் 29-ல் அத்தகைய சலுகைகள் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. தகப்பன் படித்ததற்காகப் பிள்ளைக்குக் கொடுக்கும் சலுகையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி பதவியேற்றதும் இந்த மூன்று வார்த்தைகளுக்கும் எதிராக உத்தரவுகள் பறந்தன. பல சர்வகலாசாலைகள் பயந்துபோய்ப் பலகையை மாற்றின, அலுவலகத்தை மூடின. பிப்ரவரி 17-ந் தேதியிட்டு, வாஷிங்டன் அரசாங்க வக்கீலாகத் தற்காலிகமாக இருந்த எட் மார்ட்டின், ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினார். பாடத்திலிருந்து இதையெல்லாம் எடு. எடுக்காத வரை உன் மாணவர்களுக்கு என் அலுவலகத்தில் வேலை கிடையாது என்பது அதன் பொருள். சோற்றைக் காட்டி மிரட்டுவது! ஆலை வாசலில் "யூனியன்காரனுக்கு வேலை இல்லை" என்று சொல்லும் மேஸ்திரியின் குரல்தான் அது. கோட்டு மட்டும் வேறே.

சட்டக் கல்லூரித் தலைவர் வில்லியம் டிரெயினர் மார்ச் 6-ல் பதில் எழுதினார். யார் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது என்று தீர்மானிப்பது கல்லூரியின் உரிமை. அரசியல் சட்டம் அதைக் காக்கிறது. மேலும் இது இயேசு சபையின் கத்தோலிக்கக் கல்லூரி. பல மதத்தாரும் பல பண்பாட்டாரும் கலந்து பேசிக் கற்பதே எங்கள் அடிப்படை. உங்கள் மிரட்டல் சட்ட விரோதம். சுற்றி வளைக்காமல் இப்படி எழுதினார். மே மாதத்தில் மார்ட்டினை அந்தப் பதவிக்கு நிரந்தரமாக நியமிக்கும் யோசனையே கைவிடப்பட்டது.

டிரெயினர் எழுதிய பதிலை நான் மெச்சுகிறேன். ஆனால் அந்தப் பதிலுக்கு முதுகெலும்பு எங்கிருந்து வந்தது? 1838-ல் அதே சபையிடம் அதே வேதம் இருந்தது, கப்பல் புறப்பட்டது. நடுவில் வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்த மாணவர்கள், பட்டினி கிடந்தவர்கள், வழக்காடியவர்கள், காய்ச்சலில் மாண்டதாகச் சொல்லப்பட்டும் மாளாதவர்கள், யூனியன் கண்ட சமையற்கூடத்துப் பெண்கள். இவர்கள் இல்லாமல் அந்தக் கடிதத்தை எழுதக் கல்லூரிக்குத் தைரியம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

நேரமாகிவிட்டது. ராத்திரி ஷிப்டுக்குப் போக வேண்டிய தோழர்கள் எழுந்திருப்பதைப் பார்க்கிறேன். மற்றவர்களுக்குக் கேள்வி இருந்தால் கேளுங்கள், உட்கார்ந்தே பேசுவோம்.